ஆப்பிரிக்கக் குழந்தைகளும் அருட்பணிப் பயணங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுத் தொலைவிலுள்ளது; கடல் கடந்தது. கிறிஸ்தவ ஊழியத்தின் பொருட்டு ஆப்பிரிக்கக் கண்டத்திற்குச் சென்று, அங்குள்ள குழந்தைகளிடையே சில நாள் தொண்டு செய்து திரும்புவோரைப் பற்றியது. வங்க நாட்டில் பிழைக்க வந்த தமிழர்க்கு ஆப்பிரிக்காவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவக்கூடும். காரணம் பின்னர்த் தானே விளங்கும். நம்முள் கிறிஸ்தவர் சிலரும், அல்லாதார் பலரும் இருத்தலால் ஒன்றை மட்டும் முன்னரே சொல்லி வைக்கின்றோம். எவர் சமயத்தையும் குறைகூற நாம் எழுந்தோமல்லோம். நாம் இங்கு எடுத்துரைக்கப் போகும் குறைகள் பலவற்றை முதலில் எடுத்துரைத்தவர்களும் கிறிஸ்தவ அன்பர்களே ஆவர்.

பழங்காலத்து ஊழியர் எவ்வாறு சென்றனர் என்பதை முதற்கண் காண்போம். மேரி ஸ்லெசர் என்னும் அம்மையார் ஸ்காட்லாந்து நாட்டு அபர்தீன் நகரில் 1848ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடியால் தம்மையும் குடும்பத்தையும் கெடுத்துக்கொண்டவர். பிழைப்பைத் தேடி அக்குடும்பம் டண்டீ நகருக்குக் குடிபெயர்ந்தது. பதினோராம் வயதில் மேரி ஆலைக்கு வேலைக்குப் போனார். பாதி நாள் ஆலை. பாதி நாள் ஆலைப் பள்ளி. டண்டீ என்னும் பெயர் நமக்கு அந்நியமன்று. இவ்வங்க நாட்டுச் சணல் கப்பலேறிச் சென்று சேர்ந்த ஊர் அது. பிற்காலத்தில் ஹூக்ளி நதியின் இரு கரையிலும் எழுந்த சணல் ஆலைகளுக்கு மேலாளராகவும் மேற்பார்வையாளராகவும் வந்திறங்கியவர் பலர் டண்டீக்காரரே. இங்கு விளைந்த நாரும் அங்கு நூற்ற சிறுமியரும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மேரி அம்மையார் குழந்தைத் தொண்டைத் தொடங்கிய இடம் ஆப்பிரிக்கா அன்று. டண்டீயின் குடிசைத் தெருக்களே. ஆலை வேலை முடிந்தபின் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லுவார். முரட்டுப் பையன்கள் சிலர் அவரை விரட்ட எண்ணி, கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி அவர் நெற்றிக்கருகே சுழற்றினராம். அவர் இமைக்காது நின்றார். குண்டு நெற்றியைத் தொடுமளவு நெருங்கியும் அசையவில்லை. பையன்கள் தோல்வியை ஒப்பிக்கொண்டு வகுப்பில் வந்தமர்ந்தனர் என்று அவர் வரலாறு கூறும். பாஷை தெரிந்த ஊரில், பக்கத்துத் தெருவில், பல ஆண்டு பழகிய பின்னரே அவர் கடல் கடந்தார். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1876ஆம் ஆண்டு அவர் இன்றைய நைஜீரிய நாட்டின் தென்கிழக்கிலுள்ள கலபாரில் இறங்கினார். 'வெள்ளையரின் கல்லறை' என்று பெயர்பெற்ற கரை அது. காய்ச்சலுக்கு அஞ்சாதார் இலர். அவர் சென்றுதான் அங்கு ஊழியம் தொடங்கியது என்று எண்ண வேண்டா. 1846ஆம் ஆண்டிலேயே கலபார் மிஷன் தோன்றிவிட்டது. ஜமைக்காத் தீவிலிருந்து வந்த கறுப்பின மக்களும் அக்குழுவில் இருந்தனர். மேரி செய்த தனிச்சிறப்பு வேறு. எஃபிக் மொழியை உள்ளூரார் போலப் பேசக் கற்றார். தொப்பியும் காலணியும் துறந்தார். அவர்கள் உண்டதை உண்டு, அவர்கள் குடிசை போன்ற குடிசையில் உறங்கினார்.

அந்நாளில் அப்பகுதியில், இரட்டைக் குழந்தை பிறத்தல் தீய ஆவியின் செயல் என்ற அச்சம் நிலவியது. பிறந்த இரட்டையரை மண்பானையில் வைத்துக் காட்டில் விட்டுவிடுவர். தாயையும் ஊரார் விலக்கிவைப்பர். மேரி அம்மையார் அக்குழந்தைகளை எடுத்து வளர்த்தார்; விலக்கப்பட்ட தாய்மாரையும் தம் முற்றத்தில் இருத்தினார். ஜேனி என்னும் பெண் குழந்தையைத் தம் மகளாகவே ஏற்றார். 1888ஆம் ஆண்டு உள்நாட்டிலுள்ள ஓகோயோங் பகுதிக்குச் சென்று குடியேறினார். 1892இல் ஆங்கில அரசு அவரைத் துணைத் தூதராக நியமித்தது. வழக்குகளையும் விசாரித்துத் தீர்ப்பளித்தார். ஊழியம் செய்பவரே ஆட்சியின் கரமாகவும் விளங்குதல் நமக்கு உவப்பானதன்று. அதனை மறைக்கவும் மாட்டோம். எனினும் 1915ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் அம்மண்ணிலேயே கண்மூடியபோது, நோய்க்காகத் தாய்நாடு சென்று திரும்பிய காலம் நீங்கலாக, ஏறத்தாழ முப்பத்தொன்பது ஆண்டுகள் அங்கு கழிந்திருந்தன. அவர் எடுத்த குழந்தை எழுந்து நடந்து பேசி மணமுடித்ததை அவர் கண்ணாற் கண்டார். ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வங்கி பிற்காலத்தில் தன் பத்துப் பவுண்டு நோட்டில் அவர் உருவத்தைப் பொறித்தது.

இனி இக்காலத்திற்கு வருவோம். கப்பலில் பல வாரம் சென்ற வழியை விமானம் ஒரு பகலில் கடக்கிறது. 1957ஆம் ஆண்டு 'ஆபரேஷன் மொபிலைசேஷன்' என்ற அமைப்பும், 1960ஆம் ஆண்டு 'யூத் வித் எ மிஷன்' என்ற அமைப்பும் தோன்றின. வாழ்நாள் முழுவதையும் அன்று, விடுமுறை நாட்களை மட்டும் ஊழியத்திற்குத் தருதல் என்ற வழக்கம் இத்தகைய அமைப்புகளால் பரவியது. அமெரிக்காவிலிருந்து மட்டும் ஆண்டொன்றுக்குப் பதினாறு இலட்சம் பேர் வரை இவ்வாறு குறுகிய காலப் பயணமாக வெளிநாடு சென்றனர் என்று சமூகவியல் அறிஞர் ராபர்ட் வுத்னோ முன்னர்க் கணக்கிட்டார். எல்லோரும் ஆப்பிரிக்காவுக்குச் செல்வோர் அல்லர். ஆயினும் கென்யா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்குச் செல்வோர் தொகை சிறிதன்று. கொரிய நாட்டுச் சபைகளும் அனுப்புகின்றன. நம் நாட்டுச் சபைகளும் அனுப்பத் தொடங்கியுள்ளன.

அவர்கள் அங்கு என்ன செய்கின்றனர்? பெரும்பாலும் குழந்தைகள் இல்லம் ஒன்றில் தங்குவர். காலையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவர்: கையசைத்துப் பாடும் பாட்டு, துணியில் ஒட்டிய படங்களால் ஒரு கதை, வண்ணக் காகிதத்தில் கைவேலை. பிற்பகலில் பந்து விளையாட்டு. இடையே சுவருக்கு வண்ணம் பூசுவர். அடுத்த மாதம் வரும் குழுவும் அதே சுவருக்கு வண்ணம் பூசும் என்று நகையாடுவோரும் உண்டு. பத்தாம் நாள் கண்ணீரோடு விடைபெறுவர். அக்கண்ணீர் பொய்யன்று. வந்தவர்கள் நல்லவர்கள், தம் சேமிப்பைச் செலவிட்டு வந்தவர்கள். பலர் மனம் மாறித் திரும்புகின்றனர் என்பதும் மெய். நாம் கேட்பது, அங்கேயே இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நாள் என்ன செய்தது என்பதே.

இக்கேள்வி நம் சங்கத்திற்கு ஏன் வந்தது என்று இப்போது கூறிவிடுவோம். நம் உறுப்பினர் ஒருவரின் மகள், செவிலியர் பயிற்சியின் இறுதியாண்டில் இருப்பவள், தன் சபையின் இளைஞர் குழுவோடு கென்யாவிலுள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு இரண்டு வாரம் செல்ல விழைகிறாள். விமானச் செலவில் ஒரு பகுதியை நம் மாணவர் உதவி நிதியிலிருந்து தந்துதவுமாறு மனுக் கொடுத்துள்ளாள். செயற்குழுவில் இருவர் உடனே தரலாம் என்றனர். ஒருவர், சமயப் பயணத்திற்குச் சங்கப் பணம் கூடாது என்றார். நாம் இவ்விரு கட்சியிலும் சேரவில்லை. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் போவோர்க்குச் சங்கத்தின் பெயரால் நாமே ரயில் இருக்கைகள் பதிவு செய்து தந்ததுண்டு. அப்போது எவரும் சமயம் பேசவில்லை. நாம் கேட்டது, போய்ச் செய்யும் வேலை எப்படிப்பட்டது என்பது. அதற்காகப் படிக்கத் தொடங்கியதன் பயனே இச்சொற்பொழிவு. அம்மங்கை இவ்வவையில் அமர்ந்திருக்கிறாள். அவளை நாணச் செய்வது நம் எண்ணமன்று. இப்பேச்சை நாம் முன்னரே அவளிடம் படித்துக் காட்டி இசைவு பெற்றோம்.

முதலாவது, 'அநாதை' என்னும் சொல். தாயும் தந்தையும் இல்லாத பிள்ளை என்றே நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் தரும் கணக்குகளிலோ, பெற்றோருள் ஒருவரை இழந்த பிள்ளையும் அச்சொல்லில் அடங்கும். எய்ட்ஸ் நோய் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் கொடிய அழிவு செய்த ஆண்டுகளில் பல கோடி அநாதைகள் என்ற கணக்கு உலகெங்கும் பரவியது. கேட்டவர் நெஞ்சு உருகிற்று. ஆனால் அப்பிள்ளைகளுள் மிகப் பலர்க்குத் தாய் இருந்தாள். அல்லது தந்தை இருந்தான். இருவரும் இல்லாதவிடத்துப் பாட்டி இருந்தாள். மகனையும் மருமகளையும் புதைத்துவிட்டு, நான்கு பேரப்பிள்ளைகளுக்குக் களி கிளறிப் போட்ட பாட்டிமாரே அக்கண்டத்தைத் தாங்கினர் என்று சொன்னால் மிகையாகாது. கனடா நாட்டு ஸ்டீபன் லூயிஸ் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டு ஓர் இயக்கம் தொடங்கியது. கனடா நாட்டுப் பாட்டிமார் பணம் திரட்டி ஆப்பிரிக்கப் பாட்டிமாருக்கு அனுப்புவதே அதன் வேலை. பெரிய கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பாட்டிக்கு உதவினால் பேரனுக்கு உதவியாகிவிடும் என்ற எளிய கணக்கு.

இல்லங்களில் இருப்போர் யார்? 2009ஆம் ஆண்டு 'சேவ் தி சில்ட்ரன்' நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் ஐவரில் நால்வர்க்கேனும் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றனர் என்று அது கூறியது. பின் ஏன் இல்லத்திற்கு வந்தனர்? வறுமை. பள்ளிக் கட்டணம். மூன்று வேளை உணவு. சில இடங்களில் இன்னும் வருந்தத்தக்க காரணமும் உண்டு. வெளிநாட்டார் வருவர், பணம் தருவர் என்று கண்டபின், பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து இல்லத்தை நிரப்பும் வழக்கம் எழுந்தது. கட்டடம் இருந்தால் பிள்ளை வேண்டும். பிள்ளை இருந்தால் பணம் வரும். 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா நாடு தன் நவீன அடிமை முறைச் சட்டத்தை இயற்றியபோது, அநாதை இல்லங்களின் பெயரால் நடக்கும் பிள்ளைக் கடத்தலையும் கணக்கில் கொண்டது. கென்ய அரசு 2017ஆம் ஆண்டு புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தி வைத்தது.

இங்கே நம் தொழிலை ஒட்டி ஒரு வார்த்தை. பார்சல் ஆபீஸில் ஒரு கூடை மாம்பழத்தை ஏற்றினாலும் அனுப்புவோர் பெயர், பெறுவோர் பெயர், புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம் நான்கும் எழுதாமல் ரசீது தரமாட்டோம். கூடை வழி தவறினால் அந்தத் தாளைக் கொண்டு தேடி எடுத்துவிடலாம். சில இல்லங்களில் வளரும் பிள்ளைக்கு அந்நான்கில் ஒன்றும் தாளில் இல்லை. எந்த ஊர்ப் பிள்ளை, யார் கொணர்ந்தார், யாரிடம் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பன எழுதப்படாமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

அடுத்தது, பிள்ளையின் மனம். இதைப் பற்றி அறிஞர் பலர் பல காலமாக ஆய்ந்து வந்துள்ளனர். ஜான் பவுல்பி என்னும் ஆங்கில மருத்துவர் உலகச் சுகாதார நிறுவனத்திற்காக 1951ஆம் ஆண்டு ஓர் அறிக்கை எழுதினார். தாயிடமோ தாய்போல் நிலைத்து நிற்கும் ஒருவரிடமோ ஒட்டி வளராத குழந்தை உடலும் உள்ளமும் குன்றும் என்பது அதன் சாரம். ருமேனியா நாட்டின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய ஆய்வொன்றில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் ஒரு பாதியரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினர். மறு பாதியர் வழக்கம்போல் இல்லப் பராமரிப்பில் தொடர்ந்தனர். குடும்பத்திற்குச் சென்றவர் அறிவிலும் வளர்ச்சியிலும் முந்தினர். இரண்டு வயதுக்கு முன் சென்றவர் இன்னும் முந்தினர். இஃது ஐரோப்பியப் பிள்ளைகளின் கதை எனலாம். தென்னாப்பிரிக்காவிலேயே லிண்டா ரிக்டர் என்னும் அறிஞரும் ஏமி நார்மன் என்பவரும் 2010ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினர். எய்ட்ஸ் அநாதைகளைக் காண வெளிநாட்டார் சுற்றுலாப்போல் வந்து போவது, சின்னஞ்சிறு பிள்ளைகட்குக் கேடு என்று அவர்கள் எச்சரித்தனர். வந்தவர் மடியில் ஏறுகிறது பிள்ளை, அன்பு கொள்கிறது, பத்தாம் நாள் அவர் போய்விடுகிறார். அடுத்த குழு வருகிறது, மறுபடியும் அதே. முன்பின் அறியாதவர் மடியில் ஓடி ஏறும் பிள்ளையைக் கண்டு, என்ன பாசம் என்று வியந்து படம் எடுக்கின்றனர். தாய் மடியில் வளர்ந்த பிள்ளை அப்படி ஓடி வருமா? நம் வீட்டுப் பிள்ளை புது மனிதரைக் கண்டால் தாயின் சேலைக்குப் பின் ஒளிகிறதே, அதுதான் நலம் மிக்க பிள்ளையின் இயல்பு.

இதனினும் கொடியவை நிகழ்ந்துள்ளன. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலிருந்து கென்ய நாட்டுக் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குத் தொண்டராகச் சென்ற இளைஞர் ஒருவர், அங்குள்ள பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்த குற்றத்திற்காக 2016ஆம் ஆண்டு நாற்பதாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தொண்டன் என்று சொன்னவுடன் கதவைத் திறந்துவிடுவதன் ஆபத்தை இவ்வொரு வழக்கே காட்டும்.

உகாண்டா நாட்டில், நைல் நதி விக்டோரியா ஏரியை விட்டுப் புறப்படும் இடத்தில் ஜின்ஜா என்னும் ஊர் உள்ளது. மிஷன் பயணமாக அங்கு வந்த இளம் அமெரிக்கப் பெண் ஒருவர் 2009ஆம் ஆண்டு ஓர் அமைப்பைத் தொடங்கி, ஊட்டமின்றி நலிந்த பிள்ளைகளைச் சேர்த்துப் பேணலானார். அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். 2010 முதல் 2015 வரை அங்குச் சேர்க்கப்பட்ட 940 பிள்ளைகளுள் 105 பேர் இறந்தனர். தாய்மார் இருவரும் பெண்களுக்கான சட்ட உதவி அமைப்பு ஒன்றும் 2019ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தனர். அவர் குற்றத்தை மறுத்தார். உள்நாட்டுச் செவிலியரும் மருத்துவரும் உடனிருந்தனர் என்றார். 2020ஆம் ஆண்டு எவர் மீதும் பொறுப்புச் சுமத்தப்படாமல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. மிகவும் நலிந்த பிள்ளைகளையே அங்குக் கொணர்ந்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. தேர்ந்த மருத்துவமனையிலும் அத்தகையோருள் சிலர் இறக்கவே செய்வர். எனினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. பயிற்சி பெறாத ஓர் இளம்பெண் நம் ஊரில் அவ்வாறு ஒரு நிலையம் திறக்க இயலுமா? அமெரிக்காவில் இயலுமா? ஏழை நாட்டில் மட்டும் எவரும் தடுக்கவில்லை. நல்லெண்ணமே தகுதிச் சான்றாகிவிட்டது.

இக்குறைகளைக் கேட்டு, எல்லாம் வீண் என்று எவரும் முடிவு கட்ட வேண்டா. ருவாண்டா நாட்டைப் பாருங்கள். 1994ஆம் ஆண்டு நிகழ்ந்த படுகொலைக்குப் பின் எத்தனையோ பிள்ளைகள் தெருவில் நின்றனர். இல்லங்கள் தோன்றியது இயற்கையே. ஆனால் 2012ஆம் ஆண்டு அந்நாட்டரசு, இல்லங்களில் இருந்த ஏறத்தாழ 3,300 பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்புவது என்று முடிவு செய்தது. அத்திட்டத்தின் பெயர் 'துபாரெரெரே மு முர்யாங்கோ'; குடும்பத்திலேயே வளர்ப்போம் என்பது பொருள். உறவினரைத் தேடினர், இல்லாதவிடத்து வளர்ப்புப் பெற்றோரைப் பழக்கினர், இல்லத்தில் வேலை பார்த்தோரையே குடும்பங்களுக்குத் துணை நிற்கும் ஊழியராக்க முயன்றனர். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் இவ்வழியையே ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

குறுகிய காலத் தொண்டு பயன்தரும் இடமும் உண்டு. அதைச் சொல்லும்போது நமக்குத் தனி உவகை, ஏனெனில் அதில் ரயிலும் வருகிறது. 'மெர்சி ஷிப்ஸ்' என்னும் கிறிஸ்தவ அமைப்பு 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மருத்துவமனைக் கப்பல்களை ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு அனுப்பி, ஏழைகளுக்குக் கட்டணமின்றி அறுவை சிகிச்சை செய்வது அதன் பணி. அதன் முதற் கப்பல் 'அனஸ்தாசிஸ்'. அது முன்னாளில் 'விக்டோரியா' என்ற பெயருடன் இத்தாலியிலிருந்து பம்பாய் வழியாகக் கிழக்கே சென்று வந்த பயணிகள் கப்பலாகும். அதன்பின் 2007ஆம் ஆண்டு பணிக்கு வந்த 'ஆப்பிரிக்கா மெர்சி', டென்மார்க் நாட்டு ரயில்வேயின் படகுக் கப்பல். 1980ஆம் ஆண்டு கட்டப்பட்டது. ரயில் வண்டிகளை அப்படியே வயிற்றில் ஏற்றிக்கொண்டு கடற்காலைக் கடந்து அக்கரையில் இறக்கிவிடும். 1997ஆம் ஆண்டு அக்கடற்காலுக்குப் பாலமும் சுரங்கமும் அமைந்து ரயில் ஓடத் தொடங்கியதும் அதற்கு வேலையற்றுப் போயிற்று. வண்டிகள் நின்ற தளத்தில் அறுவை அறைகள் ஐந்தும் நோயாளர் கூடங்களும் அமைத்தனர். நம் யார்டில் துருப்பிடித்து நிற்கும் பழைய பெட்டிகளைக் காணும்போதெல்லாம் இக்கப்பல் நம் நினைவுக்கு வருகிறது. 2022ஆம் ஆண்டு முதல், மருத்துவமனையாகவே கட்டப்பட்ட 'குளோபல் மெர்சி' என்ற பெரிய கப்பலும் சேர்ந்துகொண்டது. அது முதலில் சென்றடைந்த ஆப்பிரிக்கத் துறைமுகம் செனகல் நாட்டின் டக்கார்.

அக்கப்பலில் வேலை செய்வோர் தொண்டர்கள். மருத்துவர், செவிலியர், சமையற்காரர், மின் பணியாளர் முதலியோர் தம் உணவுக்கும் தங்குதலுக்கும் தாமே பணம் கட்டுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அறுவை மருத்துவர் சிலர் இரண்டு வாரமே வந்து போவர். அது மட்டும் எப்படிப் பயன்தருகிறது? பிளந்த உதட்டோடு பிறந்த பிள்ளைக்கு இரண்டு வாரம் தங்கும் மருத்துவர் போதும். தைத்த உதடு அவர் போனபின் பிரிந்துவிடாது. கப்பலோ ஒரே துறைமுகத்தில் பல மாதம் நிற்கிறது. ஒருவர் போனால் அவர் இடத்துக்கு அதே வேலை தெரிந்த மற்றொருவர் வருகிறார். வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்குப் பொன்செட்டி என்னும் மருத்துவர் கண்ட முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றி மெல்ல நிமிர்த்துகின்றனர். அதன் பின் சில ஆண்டுகள் பட்டையணிந்து காக்க வேண்டும். ஆதலால் அவ்வேலையை உள்நாட்டுப் பணியாளர்க்குக் கற்பித்துவிட்டே செல்கின்றனர். நாம் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. அங்கே படுக்கையில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் அதன் தாயோ பாட்டியோ இருக்கிறாள். கட்டோடு கிடக்கும் பிள்ளைக்குப் பந்து உருட்டி விளையாட்டுக் காட்டும் தொண்டர் அங்கும் உண்டு. அவர் போனால் பிள்ளை இரண்டு நாளில் அவரை மறந்துவிடும். மறப்பதில் கேடில்லை, தாய் இருக்கிறாள்.

இனி மனுவுக்கு வருவோம். நம் மாணவர் உதவி நிதி பெரியதன்று. ஊதியத்தில் மாதந்தோறும் பிடித்துக் கொடுத்த காசு. அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் இவ்வூர்த் தமிழ்ப் பிள்ளை ஒருவரின் பரீட்சைக் கட்டணத்தோடு போட்டியிடுகிறது. ஆதலால் செயற்குழு சார்பில் நான்கு கேள்விகளை எழுதி, அம்மங்கையின் வாயிலாகவே அவ்வில்லத்திற்கு அனுப்பினோம். பிள்ளைகளுள் எத்தனை பேர்க்குப் பெற்றோரோ உறவினரோ உளர்? அவர்களோடு தொடர்பு உண்டா? வருகிற தொண்டர்க்குக் காவல்துறைச் சான்று கேட்கிறீர்களா? செவிலியர் பயிற்சி முடியாத ஒருவரை அங்கு என்ன வேலைக்கு வைப்பீர்கள்? மூத்த உறுப்பினர் ஒருவர், தானம் செய்யப் போகிறவளை இப்படிக் குறுக்கு விசாரணை செய்யலாமா என்று வருந்தினார். அவர் வருத்தம் நமக்குப் புரிகிறது. ஆனால் அப்பெண் வருந்தவில்லை. கேள்விகளோடு தானும் ஒன்று சேர்த்தாள். நாங்கள் திரும்பிப் போனபின் குழந்தைகள் எப்படி இருப்பார்கள் என்பது அவள் கேட்டது.

விடை சென்ற மாதம் வந்தது. எழுதியவர் அவ்வில்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாயம்மாள், நிர்வாகி அல்லர். மறைக்காமல் எழுதியிருக்கிறார். முப்பத்தொரு பிள்ளைகளுள் இருபத்திரண்டு பேர்க்கு நெருங்கிய உறவினர் உளர்; பெரும்பாலும் பாட்டிமார்; சிலர் நடந்து போகும் தூரத்திலேயே வாழ்கின்றனர். பள்ளிக் கட்டணமும் உணவும் கிடைத்தால் பலர் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொள்வர் என்று அவர் கருதுகிறார். காவல்துறைச் சான்று இதுவரை எவரிடமும் கேட்டதில்லை. கடைசிக் கேள்விக்கு அவர் தந்த விடை சிறியது: குழு புறப்பட்டுச் சென்ற இரண்டு மூன்று நாள் சின்னப் பிள்ளைகள் சரியாக உண்பதில்லை, வாயிற்கதவருகே போய் நிற்கின்றன.

அதைப் படித்தபின் அம்மங்கை தன் மனுவைத் திரும்பப் பெறவில்லை, மாற்றி எழுதியிருக்கிறாள். இல்லத்தில் தங்காமல், அவ்வட்டாரத்தில் வீடு வீடாகச் செல்லும் உள்நாட்டுச் செவிலியர் ஒருவரோடு, அவர் சொற்படி உடன் சென்று பழக அனுமதி கேட்டிருக்கிறாள். தேர்வு முடிந்து பதிவு பெற்ற பின், இரண்டு வாரத்திற்குப் பதில் ஆறு மாதம் செல்வதாகவும், அதுவரை சுவாஹிலி மொழி கற்பதாகவும் எழுதியுள்ளாள். நம்மிடம் கேட்ட தொகையில் பாதியைத் தன் பயணத்திற்கு வைக்காமல், பாட்டி வீட்டிற்குத் திரும்பும் பிள்ளை ஒன்றின் ஓராண்டுப் பள்ளிக் கட்டணத்திற்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறாள். மாணவர் உதவி நிதியின் விதிகளில் வெளிநாட்டு மாணவர்க்குக் கொடுக்க இடமில்லை; வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான சட்ட முறைகளும் உண்டு. விதியைத் திருத்தப் பொதுக்குழுவின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

அவள் சபையின் போதகர் ஆறு மாதப் பயணத்திற்கு இன்னும் இசையவில்லை. குழுவோடு செல்வதே பாதுகாப்பு என்கிறார். பெண்ணைப் பெற்றவர்க்கும் அதே கவலை. தாயம்மாளின் கடிதத்தைத் தமிழில் எழுதி, விதித் திருத்தத்தின் நகலோடு சேர்த்துச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். விருந்துக்குச் செல்லுமுன் உறுப்பினர் அனைவரும் ஒவ்வொரு படி பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பொதுக்குழு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் கூடுகிறது.